புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி

நேற்று வரை ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து நாலாம் லைன் உங்களுது, டார்கெட் மட்டும் வந்துரணும்" என்று சொல்லி ஒரு பேடும் பேனாவும் கையில் கொடுத்தால், திருப்பூரில் பெரும்பாலான சூப்பர்வைசர்களுக்கு அத்தோடு பயிற்சி முடிந்தது. தையல் தெரியும், மிஷின் தெரியும், ஆனால் இருபது முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு லைனை ஒரு நாள் ஓட்டுவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் தனக்கு மேல் இருந்த சூப்பர்வைசர் எப்படிச் சத்தம் போட்டாரோ அதே சத்தத்தைத்தான் புதியவரும் போடுகிறார், ரெண்டு மாதத்தில் தொண்டை கட்டுகிறது, லைனில் ஆள் குறைகிறது.

இந்த வழிகாட்டி அப்படிப் புதிதாக லைன் கிடைத்தவர்களுக்கு. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும், ஆனால் நான் பனியன் கம்பெனியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆளுங்களுக்கு இன்ட்ரஸ்டே இல்ல சார்" என்று புலம்பும் லைன்களில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், டெய்லர் வேலை செய்யத் தயாராகத்தான் உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் பண்டல் (வெட்டிக் கட்டிய துணி) இருக்காது, அல்லது மிஷின் சண்டித்தனம் பண்ணும், அல்லது நேற்று நடந்த ஏதோ ஓர் அநியாயம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். கை ஓடாமல் தடுப்பது எது என்று கண்டுபிடித்து எடுத்துப்போடுவதுதான் உங்கள் முதல் வேலை. ஊக்கமூட்டும் பேச்செல்லாம் அதற்கு அப்புறம், பெரும்பாலும் தேவையே படாது.

உங்கள் கையில் இல்லாததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கூலியை நீங்கள் ஏற்ற முடியாது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள், அதற்கு மேல் உங்கள் கம்பெனி கொடுப்பது முதலாளியின் முடிவு. கூலி இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1984-இல் பஞ்சப்படிக்காக நூறு நாளுக்கு மேல் நடந்த வேலைநிறுத்தமே சாட்சி, பழைய ஆட்களைக் கேட்டால் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள். ஆகவே "நான் மேனேஜர்கிட்ட பேசி ஏத்தித் தரேன்" என்ற வாக்கை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பேசுவதாக இருந்தால் பேசிவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆனால் கூலியைப் பற்றித் தெளிவாகப் பதில் சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்ததும் டெய்லர் முதலில் கேட்பது உங்களைத்தான், "என்னங்ண்ணா இதுல இவ்ளோ பிடிச்சிருக்காங்க?" ஆபீஸில் போய்க் கேளு என்று சொல்லும் சூப்பர்வைசருக்கும், உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும் சூப்பர்வைசருக்கும் வித்தியாசம் அடுத்த வாரமே தெரியும். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. பி.எஃப். 12 சதவீதம், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20 வரை போகலாம், சம்பள வரம்புக்குள் இருக்கும் ஆள் அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு. காலை 8.30-க்கு வந்து இரவு 8.30-க்குப் போனால் ஒன்றரை ஷிஃப்ட் என்பது நம் ஊர்க் கணக்கு. சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீங்கள்தான், அதனால் தெரிந்தே நில்லுங்கள்.

இன்னொன்று, உடம்பு சரியில்லாமல் பத்து நாள் படுத்துவிட்ட டெய்லருக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், இ.எஸ்.ஐ.யில் விடுப்புக்காலப் பணம் 70 சதவீதம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. பலருக்கு இது தெரியாது, இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காவது இதை வாங்கிக் கொடுங்கள், அப்புறம் அந்த ஆள் உங்களிடம் எப்படி வேலை செய்கிறார் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு வரும் முதல் ஆசை, மிஷினை இடம் மாற்றிப் போடுவது. அதற்கு அவசரமே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். பேர், சொந்த ஊர், என்னென்ன மிஷின் ஓட்டுவார், எந்த வேலையில் கை வேகம், எதைக் கொடுத்தால் முகம் சுருங்குகிறது, ஹாஸ்டலா ரூமா சொந்த வீடா, கம்பெனி வண்டியில் வருகிறாரா, டவுன் பஸ்ஸா. வண்டியில் வரும் ஆள் தாமதமாக வந்தால் அது வண்டிக்காரரின் குற்றம், அதற்கு அவரைத் திட்டக் கூடாது என்பது இந்தக் கடைசி விவரம் இருந்தால்தான் புரியும்.

மிஷின் விவரம் ரொம்ப முக்கியம். துணியை இணைக்கும் ஓவர்லாக் மட்டும் ஓட்டுபவர் யார், ஓரம் மடித்து அடிக்கும் பிளாட்லாக்கும் ஓட்டுபவர் யார், சாதாரணத் தையல் மிஷினான சிங்கரில் லேபிள் வைப்பவர் யார், கைமடியாக (டெய்லருக்கு உதவியாளராக) இருந்துகொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கும் பெண் யார். இந்தக் கடைசி ஆளைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். கைமடியிலிருந்து டெய்லர் ஆவதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்களுக்கு முதல் ஏற்றம், சம்பளத்திலும் மரியாதையிலும். அந்த வழியைத் திறந்துவிடும் அதிகாரம் முதலாளியிடம் கேட்காமலே உங்களிடம் இருக்கிறது. பழைய துண்டுத் துணியைக் கொடுத்து, சாயங்காலம் அரை மணி நேரம் நேர்த் தையல் ஓட்டச் சொன்னால் போதும்.

கூடவே ஒரு சங்கடம் வரும். உங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்காவே உங்கள் லைனில் இருப்பார். நேற்று வரை "மச்சான்" என்று தோளில் கை போட்டவன் இன்று நீங்கள் சொன்னால் கேட்க வேண்டும். பேச்சை மாற்றாதீர்கள், அக்கா அக்காவாகவே இருக்கட்டும். வேலை விஷயத்தில் மட்டும் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: "அக்கா, உங்களுக்கு ஒரு சட்டம் மத்தவங்களுக்கு ஒரு சட்டம்னு என்னால வைக்க முடியாது, நீங்கதான் எனக்குத் துணை நிக்கணும்." பெரும்பாலும் நிற்பார்கள். நண்பனிடம்தான் கொஞ்சம் சிரமம், அவன் ஒரு தடவையாவது உங்களைச் சோதித்துப் பார்ப்பான், அந்த ஒரு தடவையை லைனே பார்த்துக்கொண்டிருக்கும்.

காலை 8.30-க்கு முன்னால்

எனக்குத் தெரிந்து ஒரு லைனின் மனநிலை காலை முதல் அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. டெய்லர் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, மிஷினைத் துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் பண்டல் இல்லை. கட்டிங்கிலிருந்து இன்னும் வரவில்லை. சரி, வந்தது, ஆனால் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி வரவில்லை. ரிப் வந்தது, நூல் கோன் ஷேடு மாறியிருக்கிறது. ஒன்பது மணிக்குத்தான் முதல் பீஸ் நகர்கிறது. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆள் என்றால் அந்த அரை மணி நேரம் அவருடைய சொந்தக் காசு, ஷிஃப்ட் ஆள் என்றால் "நாம வேகமா ஓட்டி என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம். ரெண்டுமே உங்களுக்கு நஷ்டம். பத்தரை மணிக்கு நீங்கள் போய் "ஏன் முப்பதுதான் ஆயிருக்கு?" என்று கேட்டால் அவர் மனதுக்குள் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே கட்டிங் மாஸ்டரிடம் போய் நாளைக் காலைக்கான பண்டலைக் கேட்டு வாங்கி லைன் தலைப்பில் அடுக்கி வையுங்கள். நூல், லேபிள், டேப் எல்லாவற்றையும் நீங்களே கண்ணால் பாருங்கள், ஸ்டோரில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் கால் மணி நேரம் முன்னால் வந்து, எந்த மிஷினில் நேற்று தகராறு இருந்ததோ அதில் துண்டுத் துணி ஓட்டிப் பாருங்கள்.

மிஷின் தகராறை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல டெய்லர்கள் மனம் வெறுத்துப்போவது பெரும்பாலும் இதில்தான். பிளாட்லாக்கில் பாட்டம் மடிக்கும்போது தையல் விட்டு விட்டு விழுகிறது. டெய்லர் நூலை மறுபடி கோக்கிறார், நீடிலைத் திருப்பிப் போடுகிறார், மறுபடி விடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் ரெண்டாம் லைனில் இருக்கிறார். "வரேன்னு சொன்னாரு" என்பதோடு இருபது நிமிடம். இதற்குள் விட்டுப்போன தையலோடு பத்து பீஸ் போயிருக்கும், செக்கிங்கில் இருந்து அது திரும்ப வரும், அதைப் பிரித்து அடிக்க வேண்டியது அதே டெய்லர். திட்டு வாங்குவதும் அவரே.

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, தையல் விட்டவுடன் மிஷினை நிறுத்த டெய்லருக்கு அனுமதி கொடுப்பது. "நிறுத்துங்க, கையைத் தூக்குங்க, நான் வரேன்." வந்து முதலில் நீடிலைப் பாருங்கள், நுனி மழுங்கியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, சைஸ் துணிக்குச் சரியா. அதிலேயே நிறைய தீரும். தீராவிட்டால் கோளாறு அடிநூலைப் பின்னும் கொக்கியான லூப்பர் பக்கம், அது மெக்கானிக் வேலை, நீங்களே நேரில் போய் அவரைக் கையோடு அழைத்து வாருங்கள், ஆள் அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் டெய்லரை வேறு மிஷினில் உட்கார வையுங்கள். மிஷின் நின்ற நேரத்தை நோட்டில் எழுதுங்கள், நீங்கள் எழுதுவதை அவர் பார்க்கட்டும். சாயங்காலம் கணக்கில் குறைந்தால் "இவருக்கு மிஷின் 40 நிமிஷம் நின்னுது சார்" என்று மேனேஜரிடம் சொல்ல அது உதவும், அதை அவர் காதுபடச் சொல்லுங்கள்.

டார்கெட்டை எப்படிச் சொல்வது

"இன்னைக்கு ஆயிரம் வரணும்" என்பது டார்கெட்டே ஆகாது. எங்கிருந்து வந்த ஆயிரம்? ஐ.இ. ஆள் (வேலை நேரத்தை அளந்து கணக்கிடும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) இருக்கும் கம்பெனி என்றால் ஒரு பீஸுக்கு இத்தனை நிமிடம் என்று குறித்திருப்பார். ஒரு டி-ஷர்ட்டுக்கு மொத்தம் 8 நிமிடம் என்று வையுங்கள், லைனில் 20 டெய்லர், 480 நிமிட ஷிஃப்ட். 480-ஐ 20-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 1200 பீஸ். அது காகிதக் கணக்கு, எல்லாரும் நூற்றுக்கு நூறு ஓடினால் வருவது. லைன் 55 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 660 வரும், மணிக்கு 82, 83. இந்தக் கணக்கை லைனுக்குச் சொல்லுங்கள், போர்டில் எழுதிக் காட்டுங்கள். தையல்காரர்களுக்குக் கணக்குப் புரியாது என்று நினைப்பவர்கள், சனிக்கிழமை அவர்கள் தங்கள் கூலிக் கணக்கைப் பைசா சுத்தமாகச் சொல்வதைக் கேட்டதில்லை போல.

அப்புறம் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். டி-ஷர்ட்டில் ரெண்டு கையும் ஏற்றுவதற்கு (வைத்துத் தைப்பதற்கு) ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்றால் ஒருவர் மணிக்கு அதிகபட்சம் 60, நடைமுறையில் 45, 50. மணிக்கு 83 வேண்டும் என்று கத்தினால் அவரால் என்ன செய்ய முடியும்? அங்கே ரெண்டாவது ஆளைப் போட வேண்டும், அது உங்கள் வேலை. கை ஏற்றுபவர் முன்னால் மலையாகக் குவிந்து, சைடு அடிப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர்.

இன்னொரு சிக்கல், எல்லாரும் ஓர் எண்ணில் வந்து நின்றுவிடுவது. எழுபது தாண்ட மாட்டார்கள், தாண்ட முடிந்தவரும் தாண்ட மாட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1931, 32-இல் டெலிஃபோன் இணைப்புக் கம்பி கட்டும் 14 பேரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் காசு என்று இருந்தும், அவர்களுக்குள்ளேயே ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை, போனவனைக் கேலி செய்து அடக்கினார்கள். கூடச் செய்து காட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிய காரணம். நம் ஊரிலும் அதே பயம்தான், அதுவும் அனுபவத்தில் வந்த பயம். எண்பது அடித்த அன்றே மறுநாள் டார்கெட்டை எண்பதாக்கிய சூப்பர்வைசரிடம் எண்பத்தொன்றாவது பீஸ் கிடைக்காது. ஒரு ஸ்டைலுக்கு டார்கெட் சொன்னால் அந்த ஸ்டைல் முடியும்வரை அதை ஏற்றாதீர்கள். ஏற்றச் சொல்லி மேலிருந்து நெருக்கினால், அடுத்த ஸ்டைலில் பார்க்கலாம் என்று நின்று சொல்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் உங்கள் பேச்சுக்கு லைனில் மதிப்பு வருவது இப்படித்தான்.

ஸ்டைல் மாறும் நாள்

பனியன் கம்பெனியில் ஆட்கள் அதிகம் எரிச்சல்படும் நாள் இது. நேற்றுதான் கை பழகியது, இன்று கழுத்து வேறு, துணி வேறு, பழைய வேகம் போய்விட்டது, பீஸ் ரேட் என்றால் வருமானமும் போய்விட்டது. அன்றைக்குத்தான் சூப்பர்வைசர்களும் அதிகம் கத்துவார்கள்.

இதற்குத் தையல் தொழிலிலேயே பழைய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனி. வேலை முறையைக் கொஞ்சம் மாற்றினாலே உற்பத்தி விழுவதும் ஆட்கள் வேலையை விட்டு நிற்பதும் அங்கேயும் தலைவலியாக இருந்தது. லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்து பார்த்ததை 1948-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் வேலை மாறுகிறது, புது ரேட் இது என்று அறிவிப்பு மட்டும். வேறு குழுக்களில், ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்று காட்டி, எப்படி மாற்றலாம் என்று அந்த ஆட்களையே சேர்த்து முடிவு செய்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து பேசி மாற்றிய குழுக்களில் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை, பழைய அளவையும் தாண்டினார்கள். கம்பெனி ஒன்றேதான், சம்பள முறையும் ஒன்றேதான்.

நீங்கள் இதைச் செய்ய மீட்டிங் ஹால் எல்லாம் வேண்டாம். ஸ்டைல் மாறுவதற்கு முந்தின நாள் டீ டைமில் சாம்பிள் பீஸை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போங்கள். கையில் கொடுங்கள், திருப்பிப் பார்க்கட்டும், இழுத்துப் பார்க்கட்டும். பையர் (வாங்கும் கம்பெனி) யார், எத்தனை பீஸ், என்றைக்குக் கப்பல் என்று சொல்லுங்கள், தைக்கிறவர்களுக்குத் தாங்கள் தைப்பது எங்கே போகிறது என்பதே பல கம்பெனிகளில் தெரியாது. அப்புறம் கழுத்து அடிப்பவரிடம், "இந்த ரிப்பு கொஞ்சம் லூஸா இருக்கு, எப்படிப் பிடிச்சா சுருக்கம் வராது?" அவர் சொல்வதைக் கேளுங்கள். தோளில் டேப் வைத்த பிறகு கழுத்தா, கழுத்துக்குப் பிறகு டேப்பா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும், பத்து நிமிடம்தான். முதல் நாள் டார்கெட்டைக் குறைத்தே சொல்லுங்கள், மூன்றாம் நாளில் எவ்வளவு வர முடியும் என்று அவர்களையே கேட்டு அதைப் போர்டில் எழுதுங்கள். அவர்கள் வாயால் சொன்ன எண்ணுக்கு அவர்களே காவல்.

தப்பு வந்தால் எப்படிப் பேசுவது

செக்கிங்கிலிருந்து பீஸ் திரும்பி வந்ததும் அதைத் தூக்கி டேபிளில் எறிந்து, மொத்த ஃப்ளோருக்கும் கேட்கிற மாதிரி "கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்பது நம் ஊரில் சகஜம். ஒருமுறை அப்படிச் செய்தால் அந்த ஆள் அன்று முழுக்கத் தப்பு வராமல் பார்த்துக்கொள்வார், வேகம் பாதியாகும், அடுத்த தப்பை மறைப்பார். மறைத்த தப்பு பேக்கிங் முடிந்து பையரின் இன்ஸ்பெக்‌ஷனில் வெளியே வரும்போது மொத்த லாட்டையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இது: பீஸை எடுத்துக்கொண்டு அவர் இடத்துக்கே போங்கள். மேலே நின்று பேசாமல், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தையலைக் காட்டி "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். பத்தில் பாதி தடவை பதில் வேறெங்கோ இருக்கும், கட்டிங்கில் ஒரு பக்கம் நீளம், முன்னால் அடித்தவர் மடிப்பு விட்டிருக்கிறார், வெளிச்சம் சரியில்லை. அவர் தப்புதான் என்றால் அவரே சொல்வார், அப்போது ஒரு பீஸ் நீங்கள் அடித்துக் காட்டலாம், உங்களுக்குத்தான் தையல் தெரியுமே.

பாராட்டும் இதே மாதிரிதான். "நல்லா பண்றீங்க" என்பது காற்றில் போகும். "நேத்து உங்க கழுத்துல ஒரு ஆல்ட்டர்கூட (திருத்தத் திரும்பி வந்த பீஸ்) வரல அக்கா" என்று சொன்னால், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

வயதில் சிறியவரானாலும் வாடா போடா, வாடி போடி வேண்டாம், வாங்க போங்க என்பதுதான் கொங்குப் பேச்சுக்கே அழகு. பெண்களிடம் இரட்டை அர்த்தப் பேச்சு, தோளைத் தொட்டுக் கூப்பிடுவது இதெல்லாம் அறவே கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவு புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-இலிருந்து சட்டம். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, லைனுக்கும் சொல்லுங்கள். மெக்கானிக்கோ செக்கிங் ஆளோ ஒரு பெண்ணிடம் வாலாட்டுவதை நீங்கள் பார்த்தும் பேசாமல் இருந்தால், அந்த லைனில் உங்கள் மரியாதை அன்றோடு முடிந்தது.

லீவு, பர்மிஷன், நைட்

ஒருதலைப்பட்சம் என்ற பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இந்த மூன்றில். லைனில் எல்லாரும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பார்கள், போன மாதம் யாருக்குப் பர்மிஷன் கொடுத்தீர்கள், யாருக்கு இல்லை என்று உங்களுக்கே மறந்தது அவர்களுக்கு மறக்காது. நோட்டில் எழுதுங்கள். கேட்டால் காட்டுங்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம் முன்பே யார் யார் என்றைக்குப் போய் என்றைக்கு வருவார்கள் என்று பட்டியல் போடுங்கள். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கம் போகும் ஆட்கள் சொன்ன தேதியில் திரும்புவது, அவர்கள் கேட்ட தேதியில் நீங்கள் அனுப்பியதைப் பொறுத்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஊர் நோம்பி (கோயில் திருவிழா) முக்கியம், அதற்கு லீவு இல்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். வடக்கத்தி ஆட்களின் நாட்களையும் குறித்து வையுங்கள்: பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, தீபாவளியைவிட அதுதான் பெரிது, ஆகவே தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கொடுத்து உடனே வரச் சொல்வது நடக்காத காரியம். ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, அசாம்காரர்களுக்கு ஏப்ரல் நடுவில் பிஹு.

மொழி தெரியாததால் வடக்கத்தி ஆட்களிடம் சத்தமாகப் பேசும் வழக்கம் ஒன்று இருக்கிறது, சத்தத்தைக் கூட்டினால் தமிழ் புரிந்துவிடும் என்பது போல. எண்கள், நிறுத்து, சரி, தப்பு, சாப்பிட்டாயா என்று இருபது வார்த்தை இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். மீதியைப் பீஸைக் கையில் வைத்துக் காட்டலாம். ரெண்டு மொழியும் தெரிந்த ஒரு பையன் இருப்பான், உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அவன் மூலமாகவே பேசினால் கொஞ்ச நாளில் அவன்தான் அந்த ஆட்களுக்குச் சூப்பர்வைசர்.

நைட் வேலை கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இரவு எட்டே காலுக்கு வந்து "இன்னைக்கு யாரும் போகாதீங்க" என்றால் அதைவிட மனக்கசப்பு வேறு இல்லை. வீட்டில் குழந்தை, அடுப்பில் எதுவும் இல்லை, ஹாஸ்டலில் மெஸ் மூடிவிடும். கன்டெய்னர் எப்போது என்பது உங்களுக்கு மதியமே தெரியும், மூன்று மணிக்குள் சொல்லிவிடுங்கள். எத்தனை பீஸ் பாக்கி, எத்தனை பேர் இருந்தால் எத்தனை மணிக்கு முடியும் என்று கணக்கோடு கேளுங்கள். முடியாது என்பவரை விட்டுவிடுங்கள், மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். இருப்பவர்களுக்குச் சாப்பாடும், பெண்களை வீடு வரை கொண்டுபோய் விட வண்டியும் முதலில் உறுதி செய்துகொண்டு அப்புறம் கேளுங்கள். நீங்களும் கடைசி ஆள் போகும்வரை இருக்க வேண்டும், சொல்லவே வேண்டியதில்லை.

மேலே பேசுவது

உங்கள் லைனில் இருப்பவர்கள் உங்களை எடை போடுவது, மேனேஜர் முன்னால் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதை வைத்து. மேனேஜர் கேட்டதும் "ஆளுங்க சரியில்ல சார்" என்று சொல்லித் தப்பித்தால் அது ரெண்டு மணி நேரத்தில் லைனுக்கு வந்து சேரும். நோட்டை வைத்துப் பேசுங்கள்: கட்டிங் இத்தனை நிமிடம் தாமதம், மிஷின் இத்தனை நிமிடம் நின்றது, கை ஏற்றுவதற்கு ஆள் ஒன்று குறைவு. எண்ணோடு பேசும் சூப்பர்வைசரை எந்த மேனேஜரும் லேசில் கத்த மாட்டார். கத்தினாலும் ஓரிரு வாரத்தில் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரிப்பார். ஃபேன் ஓடவில்லை, குடிதண்ணீர் கேன் காலி, பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் வர வேண்டியவைதான், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமுக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மதியத்துக்கு மேல் என்ன டார்கெட் கேட்பீர்கள்?

ஆள் வேலையை விட்டு நிற்கும்போது

என்ன செய்தாலும் ஆட்கள் போவார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்டுக்கு இருபது ரூபாய் கூட என்றால் போவதில் ஒரு குற்றமும் இல்லை, நீங்களும் போயிருப்பீர்கள். முன்கூட்டியே அடையாளம் தெரியும்: திங்கட்கிழமை வராமை, டீ டைமில் தனியாக ஃபோன், புது வேலை எதையும் பழக விருப்பமில்லாமை. அப்போதே தனியாகக் கூப்பிட்டு, வளைக்காமல் கேளுங்கள். மிஷின் பிரச்சினை, பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை, ஹாஸ்டல் வார்டன் தொந்தரவு என்று உங்களால் தீர்க்கக்கூடியதாக இருந்தால் தீர்த்துவிடலாம். காசுதான் காரணம் என்றால் மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது பாக்கிச் சம்பளத்தை இழுத்தடிக்க விடாதீர்கள், அந்த வாரமே வாங்கிக் கொடுங்கள். போனஸ் தீபாவளிக்குத்தான் என்றால், அவர் வேலை செய்த நாள் கணக்கை எழுதிக் கையில் கொடுத்து, அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பி.எஃப். எடுக்க வேண்டுமானால் எண் சரியா, ஆதாரில் பேர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்து அனுப்புங்கள், அதில் ஓர் எழுத்து மாறினாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஃபோன் நம்பரை அழிக்காதீர்கள். அடுத்த பெரிய ஆர்டருக்குப் பிளாட்லாக் டெய்லர் ரெண்டு பேர் வேண்டும் என்று கேட்டில் போர்டு மாட்டுவதற்கு முன்னால், அந்த நம்பருக்கு ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள், அவர் வராவிட்டாலும் தங்கச்சியையோ ரூம் பையனையோ அனுப்பி வைப்பார்.